புலி பார்த்தீர்களா?
(வனச் சுற்றுலா: ஒரு விமரிசனம்)

புத்தகம் வெளிவந்தால் மதிப்புரை எழுதுகிறோம். திரைப்படம் வந்தால் விமரிசனம் எழுதுகிறோம். ஆனால் மூன்று நான்கு நாட்கள் விடுப்பெடுத்து, கையிலுள்ள பணத்தைச் செலவழித்து, குடும்பம் குடும்பமாகப் போய்வருகிறோமே வனச் சுற்றுலா, அதைப் பற்றி யாரும் விமரிசனம் எழுதுவதில்லை. "நன்றாக இருந்தது" அல்லது "ஒன்றும் தெரியவில்லை" என்று இரண்டு சொற்களில் முடித்துக்கொள்கிறோம். வனச் சுற்றுலாவும் ஒரு பாடந்தானே? இயற்கையைப் பற்றி நம்மில் பலர் நேரில் கற்கும் ஒரே பாடம் அதுதான். அந்தப் பாடம் சரியாகக் கற்பிக்கப்படுகிறதா, நாம் சரியாகக் கற்கிறோமா என்று பார்க்க வேண்டாமா?

நான் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் வசிப்பவன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். சென்ற டிசம்பர் மாதக் கடைசியில் எங்கள் மாணவ மாணவியர் 22 பேருடன் தேக்கடிக்கும் வால்பாறைக்கும் போய்வந்தேன். தேக்கடியில் ஏரிப் படகுச் சவாரி, காட்டுக்குள் நடை. பிறகு வால்பாறையில் மழைக்காடு. இதுதான் திட்டம். பயண ஏற்பாட்டாளர் தந்த துண்டுப் பிரசுரத்தில் தாளில் பாதியை ஒரு புலி அடைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் கட்டண விவரம்.

திரும்பி வந்த அன்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன தம்பி, புலி பார்த்தீங்களா?" என்பது. "இல்லை ஐயா" என்றேன். "அப்போ போனது வீண்தான்" என்று அனுதாபப்பட்டார்.

அவர் மீது குற்றமில்லை. துண்டுப் பிரசுரம் கேட்க வைக்கும் கேள்வி அதுதான். அந்தக் கேள்வியைத்தான் இங்கே விமரிசிக்கப் போகிறேன். அது விஞ்ஞானத்துக்குப் பொருந்தாத கேள்வி மட்டுமன்று. சில வேளைகளில் ஆபத்தான கேள்வியும்கூட.

ஏரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை

காலை 7 மணிக்கெல்லாம் படகுத்துறையில் வரிசையில் நின்றோம். நல்ல குளிர். ஏரியின் மேல் வெண்ணிற ஆவி எழுந்துகொண்டிருந்தது. "சார், தண்ணி கொதிக்குது!" என்றான் ஒரு மாணவன் விளையாட்டாக. ஒருவகையில் அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. நீரின் தன்வெப்பம் அதிகம். பகலில் வாங்கிய வெப்பத்தை அது எளிதில் விட்டுவிடாது. இரவில் காற்று விரைவில் குளிர்ந்துவிடுகிறது. விடியற்காலையில் நீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. நீரிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த காற்றைத் தொட்டதும் சிறு துளிகளாக மாறுகிறது. அதுவே நாம் கண்ட மூடுபனி.

படகு நகர்ந்தது. நீரிலிருந்து கருநிறத்தில் மொட்டை மரங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் இறக்கைகளை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. எல்லோரும் படம் எடுத்தார்கள். "ஏரிக்கு நடுவில் மரம் எப்படி வந்தது?" என்று எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா? ஒருவர்கூட இல்லை. எங்கள் மாணவர்களும் கேட்கவில்லை.

வாசகர்களே, இது இயற்கை ஏரி அன்று. பென்னிகுயிக் என்ற பொறியாளரின் தலைமையில் 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம் இது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டி, கிழக்கே வைகைப் படுகைக்கு நீரைத் திருப்பினார்கள். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களுக்கு இந்த நீர் போகிறது. நீர் தேங்கியபோது பள்ளத்தாக்கில் இருந்த காடு மூழ்கியது. நாம் படம் எடுத்த மொட்டை மரங்கள் அந்தக் காட்டின் எலும்புகள்!

நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை மட்கிப் போகாதது ஏன்? மரத்தை மட்கச் செய்பவை பெரும்பாலும் பூஞ்சைகள். அவை வாழ ஈரமும் வேண்டும், ஆக்ஸிஜனும் வேண்டும். நீருக்கடியில் ஈரம் உண்டு. ஆனால் ஆக்ஸிஜன் போதாது. ஆகவே மூழ்கிய பகுதி நெடுங்காலம் நிலைக்கிறது. நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில்தான் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். அங்கேதான் மரம் முதலில் மெலிகிறது. அடுத்த முறை போகும்போது கவனித்துப் பாருங்கள்.

இந்த ஒரு காட்சியில் பொறியியல், உயிரியல், வேதியியல், வரலாறு நான்கும் அடங்கியிருக்கின்றன. படகில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் இந்த நீரில் விளைந்த அரிசியை உண்டிருப்பார்கள். ஆனால் நாங்கள் அத்தனை பேரும் கரையில் புலி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

நூறில் மூன்று பங்கு

சரி, புலியைப் பார்க்க முடியுமா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1978இல் அறிவிக்கப்பட்ட பெரியாறு புலிகள் காப்பகத்தின் இன்றைய பரப்பு 925 சதுர கிலோமீட்டர். ஏரியின் பரப்பு ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர். நூறில் மூன்று பங்குகூட இல்லை. அதிலும் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஏரியின் ஒரு பகுதிக்குத்தான் போய்வருகிறோம். புலியோ பெரும்பாலும் இரவிலும் அந்தியிலும் நடமாடுவது. ஒளிந்து வாழ்வதையே தொழிலாகக் கொண்டது.

யானைகளின் கதை வேறு. கோடையில் காட்டோடைகள் வற்றும். ஏரியின் மட்டம் இறங்கும். கரையில் புதுப்புல் முளைக்கும். அப்போது யானைகள் நீருக்கும் புல்லுக்கும் கரைக்கு வருகின்றன. டிசம்பரில் காடு முழுவதும் நீர் இருக்கும்போது அவை ஏன் நம்மைத் தேடி வரவேண்டும்? ஆக, யானை தெரியவில்லை என்பதும் ஒரு செய்திதான். காட்டுக்குள் நீர் இருக்கிறது என்பதே அந்தச் செய்தி. அதைப் படிக்கத் தெரியாதவர் "ஒன்றும் தெரியவில்லை" என்கிறார்.

எல்லோரும் ஒரே பக்கம்

இப்போது ஆபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பயணத்தின் நடுவில் யாரோ "யானை!" என்று கத்தினார்கள். இடப்பக்கக் கரையில், வெகு தூரத்தில், நான்கைந்து சாம்பல் நிறப் புள்ளிகள். உயிர்காப்பு மேலங்கி அணிந்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். என் மாணவர்களும் எழுந்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் பாதி எழுந்துவிட்டேன். படகு ஊழியர் ஒருவர் உரக்க அதட்டினார். எல்லோரும் உட்கார்ந்தோம்.

அவர் அதட்டியதற்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் இதே ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். படகின் அமைப்பில் இருந்த குறைகள், அளவுக்கு மிஞ்சிய கூட்டம், விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது ஆகியவை காரணங்களாகப் பேசப்பட்டன.

இதன் பின்னுள்ள இயற்பியலை நீங்கள் பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள். படகின் மொத்த எடையும் ஈர்ப்பு மையம் என்ற ஒரு புள்ளியில் கீழ்நோக்கிச் செயல்படுகிறது. நீரின் மிதப்பு விசை மிதப்பு மையம் என்ற புள்ளியில் மேல்நோக்கிச் செயல்படுகிறது. படகு சற்றுச் சாய்ந்தால் மிதப்பு மையம் சாய்ந்த பக்கமாக நகர்ந்து, படகை நிமிர்த்தப் பார்க்கும். ஈர்ப்பு மையம் தாழ்வாக இருக்கும்வரை இது நடக்கும். மேல்தளத்தில் கூட்டம் கூடினால் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடும். அப்போது நிமிர்த்தும் விளைவு குறைந்து, ஓர் அளவுக்குமேல் கவிழ்க்கும் விளைவாகவே மாறிவிடும். பரிசலில் ஏறியவுடன் "எழுந்து நிக்காதீங்க" என்று பரிசல்காரர் சொல்வது இந்த விதியைத்தான்.

ஒரு கணக்கு. ஒருவர் எடை 60 கிலோ என்று கொள்வோம். 70 பேர் 2 மீட்டர் இடப்பக்கம் நகர்ந்தால் திருப்புத்திறன் 60 × 70 × 2 = 8400 கிலோகிராம்-மீட்டர். படகின் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி, விளிம்பில் 2800 கிலோ எடையைத் திடீரென்று தூக்கி வைப்பதற்கு இது சமம். ஒரு யானையைப் பார்க்கப் போய், ஒரு யானையையே படகின் ஓரத்தில் ஏற்றிவிடுகிறோம்!

அன்று இரவு விடுதியில் மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாமே போட்டார்கள். விடை வந்ததும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. வகுப்பில் நான் திருப்புத்திறன் நடத்தியபோது வராத அமைதி அது. "புலி பார்த்தீர்களா?" என்ற கேள்வி ஆபத்தானது என்றேனே, அதன் பொருள் இதுதான். பார்த்தே தீர வேண்டும் என்ற ஆவல் நமக்கு எதையும் கற்பிக்காததோடு, நாம் கற்றதையும் மறக்கச் செய்துவிடுகிறது.

காலால் நடந்தபோது

மறுநாள் காட்டு நடை. அட்டை ஏறாமல் இருக்க முழங்கால்வரை துணியுறை கட்டிக்கொண்டோம். வழிகாட்டியாக வந்தவர் மன்னான் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர். முதலில் சொன்னது ஒன்றே: "பேசாம வாங்க. காது இருக்குல்ல?"

படகைவிட இந்த நடை எத்தனையோ மடங்கு சிறந்தது என்பது என் கருத்து. படகிலிருந்து காடு ஒரு பச்சைச் சுவராகத் தெரிந்தது. உள்ளே நுழைந்தபோதுதான் அது எவ்வளவு இருண்டது என்று புரிந்தது. பசுமை மாறாத அடர்ந்த காட்டில் உச்சியில் விழும் சூரிய ஒளியில் நூறில் ஒன்றிரண்டு பங்கே தரையை எட்டுகிறது. மீதியை மேலடுக்கு இலைகள் வாங்கிக்கொள்கின்றன. இந்த இருட்டில் கண்ணைவிடக் காதே அதிகம் பயன்படும். பறவைகளும் குரங்குகளும் குரலால் உறவாடுவது ஏன் என்பது அங்கே நின்றால் சொல்லாமலே விளங்கும்.

மழை பெய்து சில நாட்கள் ஆகியிருந்தன. ஆனாலும் ஒரு சிறு ஓடை ஓடிக்கொண்டிருந்தது. "மழையே இல்லாமல் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். பயணம் முழுவதிலும் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அது. பெரியவர் பதில் சொல்லவில்லை. குனிந்து, தரையிலிருந்து ஒரு பிடி மட்கிய இலையை எடுத்தார், கையால் பிழிந்தார். விரலிடுக்கில் நீர் சொட்டியது.

அவ்வளவுதான். காட்டின் தரை ஒரு பஞ்சு. இலைமட்கும் வேர்களும் மண்புழுக்களும் சேர்ந்து மண்ணில் எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்குகின்றன. மழைநீர் ஓடிவிடாமல் அத்துளைகளில் இறங்கித் தங்கி, நாட்கணக்கில், வாரக்கணக்கில் கசிகிறது. அந்தக் கசிவுதான் ஓடை. ஓடைகள் சேர்ந்தால் பெரியாறு. முதல் நாள் நாங்கள் மிதந்த ஏரி முழுவதும் இப்படிப் பிழியப்பட்ட நீரே. காடு போனால் அணை இருந்து என்ன பயன்?

இன்னொன்றும் அறியத்தக்கது. இந்தக் காட்டில் வயணை என்ற காட்டுக் கருவா மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்தவர்கள் பலர், 1990களின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ்க் காட்டின் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். மரம் எங்கே இருக்கிறது, வழி எங்கே போகிறது என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? அதே அறிவு இன்று காட்டைக் காக்கிறது. புலியின் படத்துக்குப் பாதித் தாளை ஒதுக்கிய துண்டுப் பிரசுரத்தில் இவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

துண்டுபட்ட காடு

தேக்கடியிலிருந்து மூணாறு, உடுமலை வழியாகப் பொள்ளாச்சி சேர்ந்து, ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறையை அடைந்தோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6½ டிகிரி குறையும் என்ற விதியை வெப்பமானியும் கையுமாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தார்கள் மாணவர்கள்.

"மழைக்காடு எங்கே சார்?" என்றார்கள் மேலே வந்ததும். சுற்றிலும் தேயிலை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காட்டை வெட்டித் தோட்டங்களாக்கிய மேட்டுநிலம் இது. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். தேயிலைக் கடலின் நடுவே தீவுகளைப் போல மழைக்காட்டுத் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்குகள் அத்துண்டுகளில் வாழ்கின்றன. கனிகளை விழுங்கி விதைகளைத் தொலைவில் போட்டுக் காட்டை வளர்க்கும் இருவாச்சிப் பறவைகளும் வாழ்கின்றன.

தீவு என்று சொன்னது வெறும் உவமை அன்று. பனாமாக் கால்வாய்க்காகச் சாக்ரஸ் ஆற்றைத் தடுத்து 1913இல் காத்தூன் ஏரியை உண்டாக்கினார்கள். அங்கும் காடு மூழ்கியது. மூழ்காத ஒரு குன்று பாரோ கொலராடோ என்ற தீவாயிற்று. அங்கே 1923 முதல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கே 50 ஹெக்டேர் காட்டில் மட்டும் ஏறத்தாழ 300 வகை மரங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆனால் காடு வெட்டப்படாமல் நின்றும், தீவாகத் துண்டிக்கப்பட்ட பின் பல பறவை வகைகள் அங்கிருந்து மறைந்துபோயின. துண்டுபட்ட காடு நின்றுகொண்டே இளைக்கும் என்பது அத்தீவு உலகுக்குச் சொன்ன பாடம். கப்பலில் உல்லாசப் பயணமாக அவ்வழியே போகிறவர்கள் எத்தனை பேர் இதை அறிவார்களோ!

வால்பாறையில் இந்தப் பாடத்துக்கு விடை தேடுகிறார்கள். புதுத்தோட்டம் அருகே சாலையின் மேல், மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்கள். வண்டியில் அடிபடாமல் சிங்கவால் குரங்குகள் கடப்பதற்காக! நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பினர் சீரழிந்த காட்டுத் துண்டுகளில் அம்மண்ணுக்குரிய மரங்களையே நட்டு வளர்த்துவருகின்றனர். யானை நடமாட்டத்தைத் தொழிலாளர்களுக்குக் கைப்பேசிச் செய்தியாலும் சிவப்பு விளக்காலும் முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடும் அவர்களுடைய முயற்சியால் உருவானது. நாங்கள் அரைமணி நேரம் காத்திருந்தோம். ஒரு குரங்கு பாலத்தின் மேல் நிதானமாக நடந்து போயிற்று. யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. மூன்று நாட்களில் மாணவர்கள் கற்றது என்ன என்பதற்கு அதுவே எனக்குப் போதுமான சான்று.

தீர்ப்பு

விமரிசனம் என்றால் இறுதியில் தீர்ப்பு வேண்டுமல்லவா? ஏரியும் காடும் முதல்தரம். வழிகாட்டிய பெரியவர் நான் கண்ட நல்லாசிரியர்களில் ஒருவர். குறை, இந்தச் சுற்றுலாக்கள் விற்கப்படும் முறையிலும் நாம் வாங்கும் முறையிலும் இருக்கிறது. விலங்குகளின் எண்ணிக்கையால் காட்டை அளக்கிறோம். காடு விலங்குக் காட்சிச்சாலை அன்று. புலி கட்டாயம் பார்க்க வேண்டுமென்றால் எங்களுக்கு வண்டலூர் பக்கத்திலேயே இருக்கிறது. டவுன் பஸ்ஸில் போய்வரலாம்.

சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். படகில் ஏறும் முன் அரைமணி நேரம் ஒரு வரைபடத்தை விரித்து, இந்த நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் கையில் கைப்பேசியோடு ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். பார்த்த விலங்குகளை எழுதச் சொல்லாதீர்கள், கேட்ட கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். யானையே வந்தாலும் படகில் எழுந்து நிற்காதீர்கள்.

ஊர் திரும்பிய மறுவாரம் அந்த மாணவியும் இன்னும் சிலரும் வீட்டுக்கு வந்தார்கள். "சார், நம்ம ஏரிக்குத் தண்ணி எங்கிருந்து வருது?" என்று கேட்டார்கள். மாடம்பாக்கம் ஏரியும் மனிதர் கட்டியதே. நம் முன்னோர் கரை எழுப்பி மழையைத் தேக்கினார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னைப் பகுதி, 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்தது. 2019 கோடையில் குடிநீருக்குத் தவித்தது. பஞ்சு போன்ற தரையை எல்லாம் சிமெண்டால் மூடிவிட்டால் மழை தங்குவதற்கு இடம் ஏது? ஓடத்தான் செய்யும், ஓடியபின் தாகந்தான் மிஞ்சும். இந்தப் பக்கத்து ஏரிகள் பலவற்றின் மிகுநீரை வாங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் உலகச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் அருமை தெரிய நாங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைவரை போய்வர வேண்டியிருந்தது!

அன்று மாலை எல்லோரும் ஏரிக்கரையில் நடந்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவரையும் அழைத்தேன். "புலி இல்லாத ஏரிக்கு எதுக்குத் தம்பி?" என்று சிரித்தார், ஆனாலும் வந்தார். தாம் சிறுவனாக இருந்தபோது எந்தப் பக்கம் வரத்துக்கால்வாய் இருந்தது, இப்போது அதன் மேல் எந்தத் தெரு நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கைநீட்டிக் காட்டினார். மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

உங்கள் ஊரிலும் ஓர் ஏரி இருக்கும். அதற்கு வரத்துக்கால்வாய் எது என்று சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரும் இருப்பார். அடுத்த விடுமுறைவரை காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைக் கேட்டுப் பாருங்களேன்.